மீன்குஞ்சுகள் ஒட்டிய வாரம்

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆளில்லை, சார். வீட்டில் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் யாருமே அப்படிப் பேச மாட்டார்கள். கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் போதும், தட்டுப் போல வட்டமாக நிற்கிற மீன் மிரண்டுபோய்க் கண்ணாடியில் மோதிக்கொள்ளும். நிறம் கறுத்து மூலையில் ஒதுங்கிவிடும். அப்புறம் நாள் கணக்கில் தீனி எடுக்காது. அந்த மீனோடு பழகிப் பழகி நடையும் பேச்சும் தானாகவே மெதுவாகிவிடும். எழுதிக்கொள்கிறவருக்குக் காதில் விழவில்லையென்றால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. வீட்டில் இன்றைக்கு நான் பார்க்க வேண்டிய வேலை எதுவும் பாக்கி இல்லை.

நான் வந்தது அந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்காரருக்காக. அவரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் காலி சிலிண்டரை எங்கள் தலையில் கட்டவில்லை. அவர் இறக்கி வைத்தது நிறைந்த சிலிண்டர்தான். மீட்டரில் முள் உச்சக் கோட்டில் நின்றதை நானே பார்த்தேன். என் கண்ணெதிரே ஒரு மனிதர் செய்யாத தப்புக்கு உள்ளே இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அது என் சுபாவம்.

அப்படியென்றால் உள்ளே இருந்தது எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு என் அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் கல் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் போடுகிற கல்லை அறுத்துத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குகிற வேலை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தத் தூசிக்குள் போனார், என்னைப் படிக்க வைத்தார். கல்யாணம் பேசப் போன இடத்தில் அண்ணியிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, என் தம்பி கடைசிவரை என்கூடத்தான் இருப்பான், உனக்குச் சம்மதமா என்பதுதானாம். அண்ணி இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான்தான் இருந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் படுக்கையில் விழுந்ததும் அவரைக் கவனிப்பதற்காக நான் வேலையை விட்டேன் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அதற்குச் சில மாதம் முன்பே என்னை நிறுத்திவிட்டார்கள். தினமும் தாமதமாகப் போனேன். தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும், அதில் கைவைக்க முடியாது. தெருவில் பேசிக்கொள்வதை நான் திருத்தவில்லை. அண்ணனும் திருத்தவில்லை.

முதல் டிஸ்கஸ் மீன்களை வாங்கித் தந்ததும் அண்ணன்தான். நான் எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குக் கவலை. ஒருநாள் பட்டறையிலிருந்து வரும்போது ஒரு கண்ணாடித் தொட்டியும், பிளாஸ்டிக் பையில் பொத்தான் அளவுக்கு நாலைந்து குட்டி மீனும் கொண்டுவந்து வைத்தார். ஏதாவது ஒன்றில் மனதை வை என்று மட்டும் சொன்னார். நான் வைத்தேன்.

மற்ற மீன்களைப் போல நினைத்து இதை வளர்க்க முடியாது. தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு பொழுது ஆறிப்போனால்கூட நோய் வந்துவிடும். தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே சூட்டில் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆணும் பெண்ணும் தாங்களாகவே ஜோடி சேர வேண்டும், நாம் சேர்த்து வைத்தால் சேராது. சேர்ந்த பிறகு தொட்டியில் ஒரு மண் கூம்பை நிறுத்தினால், இரண்டும் அதை வாயாலேயே துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வரிசை வரிசையாக முட்டை வைக்கும். அதுவரைக்கும் பார்க்க அழகாக இருக்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் கூம்பு மொட்டையாக நிற்கும். தின்றுவிட்டிருக்கும். பயந்தால் தின்னும், பழக்கமில்லாவிட்டால் தின்னும், சில நேரம் காரணமே இல்லாமல் தின்னும். அப்படி எத்தனை முறை ஏமாந்தேன் என்று எண்ணவில்லை. வளர்த்து விற்ற மீன்கள் எல்லாமே வெளியிலிருந்து குட்டிகளாக வாங்கி வந்தவை. என் தொட்டியில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை.

அண்ணனுடைய படுக்கையறையைத்தான் மீன் அறையாக மாற்றியிருந்தோம். அதற்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. சத்தம் வராது, சூடு வெளியே போகாது. அண்ணனுக்குக் கூடத்தில் கட்டில் போட்டோம். நுரையீரலில் கல் தூசி படிந்துவிட்டது, இனி அது வெளியே வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவருக்குக் காற்றோட்டமான கூடம்தான் நல்லது என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். அவர் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அறைக் காற்றை இழுத்து, சுத்தப்படுத்தி, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கும். இன்வெர்ட்டரும் கைவிட்டால் அவசரத்துக்கென்று அந்தச் சிலிண்டர். என் இடுப்பைத் தாண்டிய உயரம், அடியில் சக்கரம் வைத்த தள்ளுவண்டி, மேலே மீட்டர். அதைப் பார்த்தால் அண்ணன் மனது சங்கடப்படும் என்று அண்ணி பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு, கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். உறை மீட்டரையும் சேர்த்து மூடியிருந்தது.

அண்ணி ஒரு பெரிய விடுதியில் துணி வெளுக்கும் பிரிவுக்கு மேற்பார்வை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். பகல் முழுக்க அண்ணனும் நானும் மீன்களும்தான். அவரைத் துடைத்துவிடுவேன், முதுகைத் தட்டிவிடுவேன், கஞ்சி கொடுப்பேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது சிலிண்டர். மீனை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மிச்ச இடத்தை ஆக்ஸிஜனால் நிரப்பிக் கட்ட வேண்டும். சாதாரணக் காற்று என்றால் டிஸ்கஸ் பாதி வழியிலேயே சாய்ந்துவிடும். முன்பெல்லாம் கடைத்தெருவில் இருந்த மீன் கடையில் போய் நிரப்பிக்கொள்வேன். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அந்த வாரம் ஒரு வெளியூர்ப் பல் டாக்டர் தன் கிளினிக்கில் வைப்பதற்காக மீன் கேட்டிருந்தார். பைகளில் தண்ணீரை மட்டும் விட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, ஆக்ஸிஜனுக்கு என்ன செய்வது என்று நின்றேன். கதவுக்குப் பின்னால் அது சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. எங்கள் தெருவில் கரண்ட் போவதே அபூர்வம்.

ஒரு பைக்கு எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள். ஒரு மூச்சு. மனிதன் இழுக்கிற ஒரு மூச்சு அளவுக்குத்தான். முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வண்டியை மீன் அறைக்குள் உருட்டிக்கொண்டு போவேன், நிரப்புவேன், திரும்ப உருட்டி வந்து உறையை மாட்டிவிடுவேன். அண்ணன் தூங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் செய்வேன். ஒருநாள் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும்போது, கண்ணை மூடிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைடா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அண்ணியிடம் அவர் சொல்லவில்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அது திருட்டு இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் பெரியவருக்குத் தெரிந்துதான் நடந்தது. அவர் சம்மதித்தார்.

முள் எப்போது அடிக்கோட்டுக்கு வந்தது என்று தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். அப்போதே சிலிண்டர்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறைகூடக் கரண்ட் போகாத வீட்டில் சிலிண்டர் எப்படித் தீர்ந்தது என்று அண்ணி கேட்பார்கள். கேட்டால் மீன்மேல் கோபம் வரும். ஏற்கெனவே அந்த அறையின் ஈரத்தால் சுவர் பூத்துப்போகிறது என்று அவர்களுக்கு ஒரு முணுமுணுப்பு இருந்தது. சிலிண்டர்காரர் வழக்கமாகச் சரிபார்க்க வருகிற நாளில் அவரை வாசலிலேயே நிறுத்தி, அதைத் தொடவே இல்லை, அப்படியே இருக்கிறது, நீங்கள் போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன். அவர் நல்ல மனிதர், என்னை நம்பினார். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வசதியான ஒரு சந்தர்ப்பம் வரட்டும், சொல்லி நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மீன்கள் முட்டையைத் தின்னாமல் விட்டன.

இது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. அண்ணன் முதலில் கொடுத்த அந்தக் குட்டிகளில் பிழைத்து வளர்ந்த இரண்டு, என் கண்முன்னால் ஜோடி சேர்ந்த இரண்டு, முட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்று மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தன. நான் அறைக்குள் செருப்பு போடவில்லை, விளக்கைப் போடவில்லை. முட்டைகள் வெடித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வால்கள் துடித்தன. அப்புறம் ஒரு காலையில் அத்தனை குஞ்சும் கூம்பை விட்டுக் கிளம்பிப் போய்த் தாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டன. டிஸ்கஸ் அப்படித்தான் வளரும். பெற்ற மீன்களின் தோலில் வழவழப்பாக ஒன்று ஊறும், அதைக் கொத்தித் தின்றுதான் குஞ்சு பிழைக்கும். தாய்க்கு அலுத்துவிட்டால் உடம்பை ஒரு உதறு உதறும், குஞ்சுகள் மொத்தமாகத் தகப்பன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வாரம் முழுக்கத் தண்ணீரின் சூடு துளிகூட மாறக் கூடாது, காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. பெரிய மீன் ஒருதரம் மிரண்டால் போதும், ஒட்டியிருக்கிற அத்தனையையும் விழுங்கிவிடும்.

நான் கூடத்துக்கு ஓடிவந்து அண்ணனிடம் சொன்னேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது, அது ஞாபகமிருக்கிறது. அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீயும் அப்படித்தான்டா. பட்டறைக்குக் கிளம்பும்போது முதுகுல ஏறித் தொங்குவ, இறங்கவே மாட்ட. என்னைக் கொண்டுபோய் ஒருவாட்டி காட்டு."

மெஷினையும் கூடவே உருட்டிக்கொண்டு போக வேண்டும். அது ஒரு மாதிரி உறுமும். அப்புறம் காட்டுகிறேன் என்று சொன்னேன். மறுநாளும் கேட்டார். கொஞ்சம் பெரிதாகட்டும், அப்போதுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும் என்றேன். சரி என்றுவிட்டார். எதையும் இரண்டு தரத்துக்கு மேல் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அன்று காலையிலிருந்தே மழை. அண்ணி போன பிறகு வானம் இருண்டுகொண்டு வந்தது. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் எங்கேயோ டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிற சத்தம் கேட்டது, கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. அதை மாட்டிக்கொடுத்தவர் இதில் மெஷினைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள் என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். நான் அதிலிருந்து ஒரு வயரைச் சுவரோரமாக மீன் அறைக்கு ஓட்டியிருந்தேன். ஹீட்டர், காற்றுப் பம்பு இரண்டுக்கும். சும்மா ஒரு பாதுகாப்புக்கு.

அண்ணன் பிற்பகலில் இறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. நான் மெஷினைப் போட்டுக் குழாயை அவர் மூக்கில் பொருத்தினேன், மீன் அறைக்குப் போன வயரைச் சுருட்டி எடுத்து வைத்தேன், அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணி நனைந்துகொண்டு வந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டர் நின்றது. மாஸ்க் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து கேட்டபோது நான் சொன்னேன், கரண்ட் போயிற்று, சிலிண்டரைத் திறந்தேன், அதில் ஒன்றும் வரவில்லை என்று. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அண்ணி எழுந்து போய்ச் சிலிண்டரின் சாவியைத் திருகிப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, காலி சிலிண்டரைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போயிருக்கான்" என்றார்கள். அவர்களாகத்தான் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தபோது, அந்தச் சிலிண்டரை வந்ததிலிருந்து அன்றுவரை திறந்ததே இல்லை என்று சொல்லியிருந்தேன். அது சரியில்லை. அதை இப்போது திருத்திக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜனை வெளியே விற்றுவிட்டு வெறும் சிலிண்டரை வைத்துவிட்டார் என்று நீங்கள் அந்த மனிதரை அழைத்துப்போனீர்கள்.

ஏன் உடனே வரவில்லை என்று கேட்கிறீர்கள். வந்திருக்கலாம். ஆனால் குஞ்சுகள் அப்போது பெற்ற மீன்களை நம்பித்தான் இருந்தன. தனியாகத் தீனி எடுக்கப் பழகும்வரை அந்த அறையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள். அண்ணி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சிலிண்டர்காரருடைய மனைவி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, அவர் அப்படிப்பட்டவர் இல்லை, நீங்களாவது சொல்லக் கூடாதா என்று என்னிடம் கேட்டார். அழவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன் இல்லையா. குஞ்சுகள் நேற்று தனித் தொட்டிக்குப் போய்விட்டன. பெரிய ஜோடியைப் பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். இன்று காலை இங்கே வந்துவிட்டேன்.

அன்று நடுவில் என்ன நடந்தது என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க வேண்டுமென்றால் வந்திருக்கவே மாட்டேன்.

இன்வெர்ட்டர் இரண்டையும் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. ஏதாவது ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். மீன் வயரைப் பிடுங்கினால் மெஷின் பொழுது சாயும்வரைகூட ஓடியிருக்கும். அது எனக்குத் தெரியும். மீன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் தகப்பன்மேல் ஒட்டியிருந்தன. இன்வெர்ட்டர் கத்துகிற சத்தத்துக்கு அது துடுப்பை விறைத்துக்கொண்டு நின்றது, கறுக்க ஆரம்பித்திருந்தது. எந்த நிமிஷமும் கரண்ட் வந்துவிடும் என்று நினைத்தேன். மனிதன் என்றால் கொஞ்சம் சமாளிப்பான். சொன்னால் புரியும். மீனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கூடத்துக்கு வந்து மெஷினைப் பிடுங்கினேன். இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்தியது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போய்ச் சிலிண்டரை உருட்டி வந்தேன், பூப்போட்ட உறையைக் கழற்றினேன், மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து, நாடாவைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டினேன். சாவியைத் திருகினேன். அவர் பதறக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன். பதறினால் மூச்சு இன்னும் செலவாகும், அதை டாக்டரே சொல்லியிருக்கிறார்.

"டேய்," என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து. "காத்து வரலடா."

"வருதுண்ணே. மெதுவா இழுங்க."

அவர் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சின்ன வயதில் நான் பரீட்சையில் தேறாமல் வந்து தேறிவிட்டேன் என்று சொல்லும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி. அப்புறம் மாஸ்க்கைக் கழற்றினார். நான் திரும்பப் போட்டேன். திரும்பவும் கழற்றினார். மூச்சுக்கு நடுவே மெஷினைக் காட்டினார். அதைப் போடச் சொல்கிறார் என்று புரிந்தது. இப்போது போட்டால் இரண்டும் நின்றுவிடும் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள் என்று விளக்கமாகச் சொன்னேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் என்பீர்கள். தெருவில் தண்ணீர் நின்றிருக்கும். எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் அவ்வளவு மழைக்கு நின்றிருக்கும். தவிர, வருகிறவர்கள் முதலில் சிலிண்டரைத்தான் பார்ப்பார்கள்.

அவர் கட்டிலின் கம்பியை டம்ளரால் தட்ட ஆரம்பித்தார். அந்த ஓசை உள்ளே போகும் என்று டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். மீன் அறைக் கதவையும் சாத்திவிட்டு வந்தேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அந்த நிலையில் எழுந்தால் விழுந்துவிடுவார். அதனால் கட்டிலில் உட்கார்ந்து, அவரைச் சாய்த்து என் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மாஸ்க் நழுவாமல் இருக்க என் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். நேரம் ஆயிற்று. நான் அவர் காதுக்குப் பக்கத்தில் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி மொத்தமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றன, எப்படி அந்தப் பெரிய மீன் அசையாமல் நின்று கொடுக்கிறது என்று. அவருக்குப் பார்க்க ஆசையாக இருந்தது அல்லவா.

பேட்டரி கடைசிவரை தாங்கியது. ஹீட்டர் ஒரு நிமிஷம்கூட அணையவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணி கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும். அவர் தனியாகப் போகவில்லை. மாஸ்க்கின்மேல் இருந்த என் கையை அண்ணன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நகம் பதிகிற அளவுக்கு. அந்த உடம்பில் அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. போகிற நேரத்தில் தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. அதனால்தான் சார், கடைசிவரை அந்தக் கையை அவர் விடவே இல்லை.